கூட்டணிப் போட்டியும் கொட்டியாரக் குடாவும்

கணினி நிரலின்படி இயங்கும் பொறியான ரோபோவை மாணவர் குழுவாகக் கட்டிப் போட்டியிடும் முறைகளுள், டீன் கேமன் 1989இல் நிறுவிய ஃபர்ஸ்ட் அமைப்பு வளர்த்தெடுத்த கூட்டணி முறையே திருகோணமலை மாவட்டத்து மூதூர்ப் பாடசாலைகளுக்கு மிகப் பொருத்தமானது. மூன்று குழுக்கள் ஓரணியாக வேறு மூன்று குழுக்களை எதிர்கொள்ளும் இம்முறையில், இன்றைய எதிரணியினர் அடுத்த சுற்றில் தம்மணிக்கே வரக்கூடுமாதலால், பிறர் பொறி பழுதாவதில் எவருக்கும் ஆதாயமில்லை. 2019இல் துபாயில் நடந்த ஃபர்ஸ்ட் குளோபல் போட்டியில், கடற்கழிவைக் குறிக்கும் பந்துகளை ரோபோக்கள் அள்ளிச் சேர்த்தன. மகாவலி கங்கை கலக்கும் கொட்டியாரக் குடாவின் கரையிலுள்ள மூதூரில் வளரும் பிள்ளைகளுக்குக் கடற்கழிவு கண்முன் கிடக்கும் சிக்கல். தமிழ், முஸ்லிம், சிங்கள மாணவர் பெரும்பாலும் தனித்தனிப் பாடசாலைகளில் பயிலும் திருகோணமலை மாவட்டத்தில், சக்கரம் ஏன் வழுக்குகிறது, தொலைவை அளந்து சொல்லும் கருவியான உணரி ஏன் பிழையாகக் காட்டுகிறது என்று மூன்று சமூகப் பிள்ளைகளும் ஒரே மேசைமீது குனிந்து ஆராயும் வாய்ப்பு அரிது. அதன் பெறுமதி எந்தக் கேடயத்தினும் பெரிது. ஆகவே மாவட்ட அளவில் போட்டி நடத்துவோர், ஓரணியின் மூன்று குழுக்களும் மூன்று சமூகங்களின் பாடசாலைகளிலிருந்து வரவேண்டுமென விதி வகுக்க வேண்டும்.