மேலுதட்டு ஊசியும் நமது வியாபாரமும்

பெண்கள் நடத்தும் அழகு நிலையங்கள் நமது ஊர்களில் நல்லதொரு தொழிலாக வளர்ந்திருக்கின்றன. வீட்டின் முன்னறையில் ஒரு கண்ணாடியும் ஒரு கதிரையும் போட்டு ஆரம்பித்த சகோதரிகள் பலர், இன்று கல்யாண வீடுகளுக்கு மணமகள் அலங்காரம் செய்து, நாலு பேருக்குச் சம்பளமும் கொடுக்கிறார்கள். பெண்ணுக்குப் பெண்ணே செய்யும் தொழில். பெரிய முதலும் தேவையில்லை. புருவத்தில் கைவைக்கக் கூடாது என்று சொல்லும் ஆலிம்களில் பலரும், மேலுதட்டில் வளரும் முடியைப் பெண்கள் அகற்றுவதை அனுமதித்திருக்கிறார்கள். ஆகவே அந்த நூல் வேலைக்கும் தடையில்லை.

ஆனால் நூல் பிடித்த சில கைகளில் இப்போது ஊசி வந்துவிட்டது. நான் பேச வருவது அதைப் பற்றித்தான்.

மேலுதட்டுக்கு இரண்டு வகை ஊசி போடுகிறார்கள். ஒன்று ‘ஃபில்லர்’. ஹயலூரோனிக் அமிலம் என்னும் ஜெல்லை உதட்டுக்குள் செலுத்திப் பருமனாக்குவது. மற்றது ‘போடொக்ஸ்’. தசையைத் தளர்த்தி, உதட்டுக்கு மேலே விழும் சுருக்கங்களைக் குறைப்பது. முன்னதன் பயன் ஆறு மாதம் முதல் ஒரு வருடம் வரை, பின்னதன் பயன் மூன்று நான்கு மாதம்தான். அதாவது வாடிக்கையாளர் திரும்பத் திரும்ப வருவார். வியாபாரியின் கண்ணுக்கு இதைவிட இனிப்பான சாமான் உண்டா?

இனிப்பின் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். மேலுதட்டின் உட்பக்கமாக ஒரு இரத்தக் குழாய் ஓடுகிறது. ஜெல் தவறுதலாக அதற்குள் போனால் இரத்த ஓட்டம் அடைபட்டு, தோல் வெளுத்து, பின்பு கறுத்து அழுகிவிடலாம். அரிதாகக் கண்பார்வையே போயிருக்கிறது. அப்படி நடந்தால் ஹயலூரோனிடேஸ் என்ற மருந்தைத் தாமதமின்றி ஏற்றி ஜெல்லைக் கரைக்க வேண்டும். அந்த மருந்தைக் கையில் வைத்திருப்பவரும் அதை ஏற்றத் தெரிந்தவரும் வைத்தியரேயன்றி, மூன்று நாள் பயிற்சிச் சான்றிதழைச் சுவரில் மாட்டியிருப்பவர் அல்லர். சிலிக்கனை ஏற்றிவிட்டாலோ கரைக்க மருந்தே கிடையாது. போடொக்ஸ் அளவு கூடினால் கோப்பையில் தேநீர் உறிஞ்சவும், ‘ப’, ‘ம’ என்று உச்சரிக்கவும்கூடச் சிரமப்படும். அமெரிக்காவில் 2002ஆம் ஆண்டு புருவங்களுக்கு நடுவே விழும் கோடுகளுக்கு அழகு மருந்தாக அது அனுமதி பெற்றது. பிறகு வேறு சில இடங்களுக்கும் அனுமதி கிடைத்தது. மேலுதடு அந்தப் பட்டியலில் இல்லை. வைத்தியர் தமது பொறுப்பில்தான் அங்கே போடுகிறார்.

சரக்கின் கதை இன்னும் மோசம். திறக்காத போடொக்ஸ் குப்பியை 2 முதல் 8 பாகை செல்சியஸ் குளிரில் வைக்க வேண்டும். பயணப் பையில் வந்திறங்கிய குப்பி எத்தனை மணி நேரம் சூட்டில் கிடந்தது என்பது விற்றவருக்கே தெரியாது. கட்டுப்பாடு மிகுந்த அமெரிக்காவிலேயே 2024இல் போலிப் போடொக்ஸ் போட்டுக்கொண்ட பலர் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டார்கள். நமது நாட்டில் 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டப்படி தேசிய ஔடதங்கள் ஒழுங்குபடுத்தல் அதிகார சபை இருக்கிறது. அங்கே பதிவில்லாத மருந்தை இறக்கி விற்பது, லேபல் இல்லாத கிறீமை விற்பது போன்ற சில்லறை விஷயமல்ல.

மார்க்கம் என்ன சொல்கிறது என்று கேட்பீர்கள். அழகுக்காக அல்லாஹ்வின் படைப்பை மாற்றுவதைக் கண்டிக்கும் ஹதீஸ் புகாரியிலும் முஸ்லிமிலும் உண்டு. யுத்தத்தில் மூக்கை இழந்த அர்ஃபஜா (ரழி) அவர்களுக்குத் தங்க மூக்கு பொருத்த நபி (ஸல்) அவர்கள் அனுமதித்ததும் உண்டு. குறையைச் சீர்செய்வது வேறு, இருப்பதை மாற்றுவது வேறு என்று உலமாக்கள் பிரித்துப் பேசுகிறார்கள். மலேசியாவின் தேசிய பத்வா கவுன்ஸில் 2006இல் போடொக்ஸைத் தடுத்தது. அந்தக் குப்பிக்குள் மனித இரத்தத்திலிருந்து எடுக்கும் அல்புமின் இருப்பதையும் அறிந்து வைத்துக்கொண்டு உங்கள் ஆலிமிடம் கேளுங்கள். பத்வா கொடுப்பது என் வேலையல்ல.

வியாபாரத்தில் எனக்கு ஒரு வார்த்தை சொல்ல உரிமை உண்டு. நனைந்த தானியத்தைக் குவியலின் அடியில் மறைத்த வியாபாரியை நபி (ஸல்) அவர்கள் கண்டித்த சம்பவம் நமக்கெல்லாம் பாடம். ஊசிக்காரர் மறைக்கும் ஈரம், தாம் வைத்தியர் இல்லை என்பதுதான். வைத்தியம் அறியாமல் வைத்தியம் பார்ப்பவர் ஏற்படும் சேதத்திற்குப் பொறுப்பாளி என்பதும் ஹதீஸ்தான். நட்டஈடு கொடுக்கும் நிலை வந்தால், ஒரு பெருநாள் சீசன் இலாபம் அதற்குக் காணுமா? கல்யாணத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது மணமகளின் உதடு கறுத்துப்போனால் அந்த வாப்பாவுக்கு யார் பதில் சொல்வது?

கடைக்கு மேல்மாடி வைத்திருக்கும் ஒரு இளம் வியாபாரி, “நாநா, அழகு நிலையத்துக்கு வாடகைக்குக் கேட்கிறார்கள், ஊசியும் போடுவார்களாம், கொடுக்கலாமா?” என்று என்னிடம் கேட்டார். கொடுங்கள் என்றேன். ஆனால் ஊசி போடுவதாயின் இலங்கை மருத்துவ சபையில் பதிவுள்ள வைத்தியர்தான் போட வேண்டும், பெட்டியில் தொகுதி இலக்கமும் காலாவதித் திகதியும் இருக்க வேண்டும், ஒவ்வொருவருக்கும் பற்றுச்சீட்டு கொடுக்க வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதச் சொன்னேன். எழுதிக் காட்டியதும் கேட்டு வந்தவர் ஊசியை விட்டுவிட்டாராம். இப்போது அங்கே திரெடிங்கும் மணமகள் அலங்காரமும் மட்டும் நடக்கின்றன. வாடகையும் மாதம் தவறாமல் வருகிறது.