குதிரைகளை மட்டும் எண்ணாதீர்!

விடுதியில் இரவு உணவு முடிந்து நாலு பேர் கூடினால், பேச்சு எங்கெங்கோ சுற்றிக் கடைசியில் மோட்டார் வண்டியில் வந்து நிற்பது வழக்கம். அமெரிக்கர் ஓட்டும் பெரிய பிக்கப் வண்டிகளைப் பற்றிய பேச்சென்றால் நம் நண்பர்களுக்குத் தூக்கமே வராது. “ஐந்நூறு குதிரை சக்தியாம்!” என்பார் ஒருவர். “அது என்ன பிரமாதம்? அறுநூறு வரை ஏற்றியிருக்கிறார்களே!” என்பார் மற்றவர். அத்தனை குதிரைகளின் உழைப்பையும் சக்கரத்திற்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும் கியர் பெட்டி எது என்று ஒரு நாள் கேட்டேன். ஒருவரும் வாய் திறக்கவில்லை. அந்த மௌனமே இக்கட்டுரையை எழுதத் தூண்டியது.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நாள்தோறும் ஓடவேண்டிய வண்டியின் வலிமையைக் கூட்ட நினைப்பவர், முதற்காசைக் கியர் பெட்டிக்கே செலவிட வேண்டும். அதைத் தேர்ந்தெடுக்கும்போது முறுக்கு விசை, அன்றாட வேகம், வெப்பம் ஆகிய மூன்றையும் பார்க்க வேண்டும்.

அமெரிக்காவில் ‘ட்ரக்’ என்றதும் நாமக்கல்லிலும் சங்ககிரியிலும் நாம் பார்க்கும் லாரியை எண்ணிவிடக் கூடாது. முன்னே குடும்பம் உட்கார, பின்னே திறந்த தொட்டியில் சாமான் ஏற்றும் வண்டி அது. காலையில் தச்சரின் கருவிகளைச் சுமந்து வேலைக்குப் போகும். மாலையில் பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து அழைத்து வரும். விடுமுறையில் படகை இழுக்கும். பந்தய வண்டி உடைந்தால் ஒரு பந்தயம் போயிற்று. இந்த வண்டி உடைந்தாலோ திங்கட்கிழமைக் கூலி போயிற்று. இந்த வேறுபாட்டை மனத்தில் இருத்தி மேலே செல்வோம்.

குதிரை சக்தி ஏன் போதிய அளவுகோல் ஆகாது? அது முறுக்கு விசையையும் சுழலும் வேகத்தையும் பெருக்கி வருவது. நிமிடத்திற்கு 5,600 சுற்றில் 400 குதிரை சக்தி தரும் பெட்ரோல் எஞ்சினின் முறுக்கு விசை அவ்வேகத்தில் சுமார் 510 நியூட்டன் மீட்டர். அதே 400 குதிரை சக்தியை 2,800 சுற்றில் தரும் டீசல் எஞ்சினுக்கோ சுமார் 1,020. விளம்பரத்தில் இரண்டும் ஒன்றே. கியர் பெட்டிக்கு ஒன்று சுமை, மற்றது இரட்டைச் சுமை. பற்களையும் தண்டுகளையும் முறிப்பது முறுக்கு விசையே. போதாததற்கு, தானியங்கிப் பெட்டியின் முகப்பில் எண்ணெய் வழியே விசையைக் கடத்தும் டார்க் கன்வர்ட்டர், வண்டி புறப்படும் வேளையில் அவ்விசையை ஏறத்தாழ இரு மடங்காக்கிவிடுகிறது.

“வலிமை வேண்டுமானால் கையால் போடும் கியர்தானே நல்லது?” என்று சிலர் கேட்கலாம். ஒரு காலத்தில் அதில் நியாயம் இருந்தது. 2022-இல் இந்தியாவில் அறிமுகமான டொயோட்டா ஹைலக்ஸ் பிக்கப்பைப் பாருங்கள். ஒரே 2.8 லிட்டர் டீசல் எஞ்சின். தானியங்கிப் பெட்டியுடன் 500 நியூட்டன் மீட்டர். கைக்கியருடன் 420 மட்டுமே. ஆகவே, தானியங்கி என்றாலே மென்மையானது என்ற பழைய எண்ணத்தை விட்டுவிடலாம். எந்தத் தானியங்கி என்பதே கேள்வி.

அமெரிக்காவில் பலரும் சந்திக்கும் ஒரு நிலையை எடுத்துக்கொள்வோம். 1999 மாடல் செவ்ரலே சில்வராடோவின் 5.3 லிட்டர் எஞ்சின் தொழிற்சாலையிலிருந்து 270 குதிரை சக்தியுடன் வந்தது. அதற்கு இணைத்த பெட்டி 4எல்60-ஈ. நான்கு கியர், அந்த எஞ்சினுக்குப் பொருத்தமான பெட்டி. பிறகு உரிமையாளர் டர்போ வைத்து 500-க்கு உயர்த்துகிறார். அப்போது அதன் 3-4 கிளட்ச் அடுக்கு தேய்ந்து கருகுகிறது. அல்லது உள்ளே இருக்கும் மெல்லிய சன் ஷெல் உடைந்து, இரண்டாம் கியர், நான்காம் கியர், ரிவர்ஸ் மூன்றும் ஒருங்கே போகின்றன. பெட்டியின் மேல் குற்றமில்லை. கன்றின் கழுத்தில் காளையின் நுகத்தை வைத்தவர் மேல்தான் குற்றம்.

இனி அவர் முன் இரு வழிகள் உண்டு. ஒன்று, 1964-இல் வந்த டர்போ ஹைட்ராமாட்டிக் 400. மூன்றே கியர் கொண்ட முரட்டுப் பெட்டி. ரோல்ஸ் ராய்ஸிலும் ஓடியது, அமெரிக்க இராணுவத்தின் ஹம்வீயிலும் ஓடியது. மற்றது, அதன் வழியில் 1991 மாடல் வண்டிகளில் வந்த 4எல்80-ஈ. இதில் ஓவர்டிரைவ் என்னும் நான்காம் கியரும், கன்வர்ட்டரை நழுவாமல் பூட்டிவிடும் லாக்-அப் கிளட்சும் உண்டு.

வலிமை ஒன்றையே நாடுபவர் பழைய 400-ஐ எடுத்துக்கொண்டு மகிழ்வார். நான் மாட்டேன். கணக்கு இதோ: 31 அங்குல டயர், பின் அச்சில் 3.73 விகிதம், மணிக்கு 110 கிலோமீட்டர் வேகம். 400-இன் கடைசிக் கியரில் எஞ்சின் நிமிடத்திற்குச் சுமார் 2,770 முறை சுழலும். 4எல்80-ஈயின் ஓவர்டிரைவ் விகிதம் 0.75, அதில் சுமார் 2,070 சுற்றே. ஒவ்வொரு நிமிடமும் எழுநூறு சுற்று மிச்சம்! நாள்தோறும் இரண்டு மணி நேரம் ஓட்டுபவருக்கு அது எரிபொருள், இரைச்சல், எஞ்சினின் ஆயுள் எல்லாவற்றிலும் சேமிப்பு. பந்தயத்திற்குப் போதுமான பெட்டி பணிக்குப் போதாது என்பதை இக்கணக்கே காட்டும்.

அடுத்தது வெப்பம். தானியங்கிப் பெட்டிகளுக்குப் பெரும் பகை அதுவே. பாரம் இழுத்து மேடேறும்போது எஞ்சின் தரும் 60 கிலோவாட்டில் பத்தில் ஒரு பங்கு கன்வர்ட்டரில் நழுவினால், 6 கிலோவாட் எண்ணெயில் வெப்பமாக இறங்குகிறது. வடநாட்டுக் குளிரில் நம் அறைகளில் வைக்கும் 2 கிலோவாட் ஹீட்டர்கள் மூன்றை அந்தச் சிறு பெட்டிக்குள் போட்டதற்குச் சமம் அது! ஏறக்குறைய 80, 90 டிகிரி செல்சியஸில் நெடுநாள் உழைக்கும் எண்ணெய், வெப்பம் மிகுந்தால் கருகும். பிறகு கிளட்ச் தகடுகள் நழுவும். நழுவ நழுவ வெப்பம் இன்னும் மிகும். ஆதலின் நல்ல லாக்-அப், பெரிய ஆயில் கூலர், எண்ணெயின் வெப்பம் காட்டும் ஒரு மானி ஆகிய மூன்றையும் நான் அலங்காரமாகக் கருதவில்லை. பெட்டியின் விலையிலேயே சேர்த்து எண்ணுகிறேன்.

மறுப்புகளையும் மறைக்கக் கூடாது. 4எல்80-ஈ ஏறத்தாழ 40 கிலோ அதிக எடை. தன்னைச் சுழற்றிக்கொள்ளவே கொஞ்சம் சக்தியைத் தின்னும். நீளமும் மிகுதி, புரொபெல்லர் ஷாஃப்டை வெட்டிக் குறுக்க வேண்டும், வயரிங்கையும் மாற்ற வேண்டும். முதல் கியர் விகிதம் 2.48 மட்டுமே, 4எல்60-ஈயில் அது 3.06. எனவே புறப்படும் இழுப்புச் சற்றுக் குறையும். பின் அச்சை 4.10 ஆக்கினால் அக்குறை ஓரளவு நீங்கும்; அப்போதும் நெடுஞ்சாலையில் சுமார் 2,280 சுற்றுதான். பத்துக் கியர்ப் பெட்டிகளும் 2017 மாடல் வண்டிகளிலேயே வந்துவிட்டன. புது வண்டி வாங்குபவருக்கு அவை நல்லவை. ஆனால் பழைய வண்டியில் பொருத்தினால், அவற்றின் மின்னணு மூளையோடு போராடவேண்டி வரும். எஞ்சினைச் சிறிதளவே உயர்த்துபவருக்கு உள்ள பெட்டியைப் பிரித்துப் பலப்படுத்தினாலே போதும் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். ஐந்நூறைத் தொட்டு, நாளும் பாரம் இழுப்பவருக்கு எனது பரிந்துரை 4எல்80-ஈதான்.

இந்த விஷயத்தில் நான் இவ்வளவு பிடிவாதம் காட்டுவதற்குக் காரணம் உண்டு. நம்மில் பலர் நாளைக்கு இயந்திரங்களை வடிவமைக்கப் போகிறவர்கள். உச்ச எண்ணைச் சொல்லிக் கைதட்டல் வாங்க நாம் வெகு விரைவில் கற்றுக்கொள்கிறோம். போட்டிக்காகச் செய்யும் வண்டியிலும் எஞ்சினுக்கு மூன்று மாதம், மற்றவற்றிற்கு மூன்று நாள்! அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது என்ற பழமொழியைத் தெரிந்த தமிழ்ப் பிள்ளைகளே இப்படிச் செய்யலாமா?

வண்டியை வாங்குபவர் நாம் வரைந்த உச்ச எண்ணில் ஓட்டப் போவதில்லை. மழையிலும் நெரிசலிலும், பின்னிருக்கையில் குழந்தை உறங்க, வேலைக்குத் தாமதமாகாமல் போய்ச் சேர ஓட்டப் போகிறார். அவருக்காக வரைபவனே பொறியாளன் என்பது என் துணிபு. அடுத்த முறை விடுதியில் யாரேனும் “ஐந்நூறு குதிரை!” என்று வியந்தால், “அதைத் தாங்கும் பெட்டி எது? அதன் எண்ணெய் எத்தனை டிகிரியில் ஓடுகிறது?” என்று நீங்களும் கேளுங்கள்.