பறையை ஏற்போம்! பெயரைத் தமிழாக்குக!

தமிழ்மானம் காக்கும் தோழர்களே!

2018-ஆம் ஆண்டு சனவரித் திங்களில் சென்னையில் 19 பேர் கொண்ட இசைக்குழுவொன்று மேடையேறிற்று. திரைப்பட இயக்குநர் பா. இரஞ்சித்து முன்னின்று உருவாக்க, இசையமைப்பாளர் தென்மா அதனை நடத்தினார். பறையும் சட்டியும் மேலையிசைக் கருவிகளோடு இணைந்து முழங்க, வடசென்னைத் தெருப்பாட்டு சாதியை நேர்நின்று சாடிற்று. அக்குழுவில் பாடிய இசைவாணியை 2020-இல் பி.பி.சி. நிறுவனம் உலக மகளிர் நூற்றுவருள் ஒருவராகத் தேர்ந்தது.

ஆயின் நம்மவருள் சிலர் முகஞ்சுளித்தனர். கொச்சைத் தமிழாம்! சாவுக்கொட்டாம்! தொல்காப்பியர் நிலத்தின் கருப்பொருள்களுள் ஒன்றாகப் பறையை வைத்தாரே, அதனை இழிவென்று சொல்ல இவர்கள் யார்? 1943-இல் தமிழிசைச் சங்கம் கண்டோம். தெலுங்குப் பாட்டு ஆண்ட அரங்கில் தமிழுக்கு இடம் கேட்டோம். சேரியின் பறைக்கு எத்தனை மேடைகளில் இடம் தந்தோம்?

திண்டிவனத்தில் ஒரு பள்ளி ஆண்டுவிழாவில் பறையோடு வந்த மாணவனைத் திருப்பி அனுப்பியவர் ஒரு தமிழாசிரியரே. உடனிருந்த யானும் வாய்மூடி நின்றேன். அந்நாணம் இன்றும் என்னைச் சுடுகின்றது. 1978-இல் இதே மாவட்டத்தின் விழுப்புரத்தில் ஒடுக்கப்பட்டோர் 12 பேர் படுகொலையுண்டனர். கொன்றோர் பேசியதும் தமிழே; மாண்டோர் கதறியதும் தமிழே. சாதியை விட்டுவைத்த மொழிப்பற்று அன்று ஓர் உயிரையேனும் காத்ததா?

இனி, அக்குழுவினரிடமும் ஒரு வழக்குண்டு. 'காசுட்டுலெசு கலெக்டிவ்' என்று ஏன் பெயர் பூண்டீர்? அப்பெயர்க்கு வித்து, சாதியற்ற தமிழர் என்னும் அயோத்திதாசர் கருத்தன்றோ? ஆங்கிலேயர் ஆண்ட 1907-இலேயே அவர் தம் கிழமையிதழுக்கு 'ஒரு பைசாத் தமிழன்' என்று பெயரிட்டார். பாட்டன் துணிந்து தமிழனென்றான். பெயரன் ஆங்கிலச் சட்டைக்குள் ஒளிவதா? உலகம் அறியவேண்டுமென்பீர். உங்கள் பாட்டைத் தமிழிற் கேட்டே உலகம் திரும்பிப் பார்த்தது. பெயரைத் தமிழிற் கேட்டால் மட்டும் செவிடாகிவிடுமோ? சேரியில் நும் பாட்டைப் பாடும் சிறுவன் நும் பெயரின் பொருளைப் பிறரிடம் கேட்டறியும் நிலை நுமக்கு அழகன்று. 'சாதியற்றோர் இசைக்குழு' என்று முழங்குக!

தோழர்களே, அவர்கள் பெயரை மாற்றும்வரை நாம் காத்திருக்க வேண்டா. அடுத்த தமிழ்விழா மேடையில் முதல் ஒலி பறையொலியாகட்டும். அதனை அடிக்கும் கைக்கு முதல் மாலை சூட்டுவோம். சாதி ஒழியாமல் தமிழ் நிமிராது. தமிழை விடுத்துத் தமிழ்நாட்டிற் சாதியும் ஒழியாது!