பெரிய சர்வர் காப்பாற்றாது

மலேசியாவின் மலை ஊரான கியா பார்மில் பத்துக் கணினிகூட இல்லாத அலுவலகம் சர்வர் வாங்கப் புறப்பட்டால், கிடைக்கும் யோசனை ஒன்றுதான்: “விலை கூடினாலும் பெரிய சர்வராகப் போடுங்கள். நம் மலைக் குளிருக்கு அது கெடவே கெடாது.” இந்த நம்பிக்கையை வன்மையாக மறுக்கிறேன். இதை நம்பிப் பணத்தைக் கொட்டுகிறவர்கள் காக்க வேண்டியதைக் காக்காமல் விடுகிறார்கள்.

இங்கே சூடு எதிரியல்ல, உண்மைதான். ஆனால் இந்த மலையின் குளிர் ஈரக்குளிர். நீண்ட விடுமுறையில் அணைத்துவைத்த மிஷின் சில்லிட்டுக் கிடக்கும். கதவு திறந்து வெதுவெதுப்பான ஈரக்காற்று பட்டதும் உள்ளே நீர் கோத்து, இணைப்புகள் அரிபடத் தொடங்கும். இடி அதைவிடக் கொடியது. உலகில் இடி மின்னல் மிகுந்த நாடுகளில் மலேசியாவும் ஒன்று. அலுவலகத்துக்கும் கொட்டகைக்கும் இடையே இழுத்த செம்பு கேபிள் வழியாகவும் மின்னலின் தாக்கம் உள்ளே வரும். அந்த இடத்தில் ஃபைபர் போட்டால் அந்த வழி அடைபடும்.

“ரெய்டு இருக்கிறதே, இரண்டு டிஸ்க்கிலும் ஒரே பதிவு” என்பார்கள். ஒரு டிஸ்க் செத்தாலும் வேலை நிற்காது. ரெய்டு தருவது அவ்வளவே. கிராணி கைதவறி அழித்த செக்ரோல், அதாவது தொழிலாளரின் வருகைப் பதிவேடு, இரண்டிலும் அதே நொடியில் அழியும். 2017 மே மாதம் வான்னாகிரை என்ற நச்சுநிரல் விண்டோஸின் கோப்புப் பகிர்வு வழியாகப் பரவி உலகெங்கும் கணினிகளைப் பூட்டியது. அதைத் தடுக்கும் திருத்தத்தை மைக்ரோசாப்ட் மார்ச் மாதமே வெளியிட்டிருந்தது. திருத்தம் போடாத மிஷினை அதன் விலை காப்பாற்றவில்லை.

மலேசிய வருமான வரிச் சட்டப்படி வியாபாரக் கணக்குகளை 7 ஆண்டு வைத்திருக்க வேண்டும். சர்வருக்கு வழக்கமாகக் கிடைக்கும் உத்தரவாதம் 3 ஆண்டு. மிஷின் ஒருநாள் சாகும் என்று வைத்துக்கொண்டே திட்டமிட வேண்டும்.

மென்பொருளை முதலில் முடிவு செய்யுங்கள். கணக்கு மென்பொருள் விண்டோஸ் சர்வர் கேட்டால் அதையே வாங்குங்கள்; பயன்படுத்தும் ஆட்களுக்கான உரிமத் தொகையையும் சேர்த்துப் பாருங்கள். கோப்புப் பகிர்வு மட்டும் என்றால், லினக்ஸில் இலவசமாகக் கிடைக்கும் சாம்பா போதும். இரண்டுக்குமே ஈசிசி (பிழை திருத்தும்) மெமரி உள்ள நடுத்தர மிஷின் தாங்கும். மிச்ச வெள்ளியில் நல்ல யூ.பி.எஸ்., ஒரு மாற்று டிஸ்க், ஒரு மாற்று பவர் சப்ளை வாங்கி வையுங்கள். மண்சரிவில் சிம்பாங் பூலாய் சாலை அடைபட்டால் பழுது பார்க்க ஈப்போவிலிருந்து ஆள் வந்து சேர முடியாது.

பதிவுக்கு மூன்று படிகள் இருக்கட்டும்: சர்வரில் ஒன்று, கழற்றி வைக்கும் டிஸ்க்கில் ஒன்று, மலைக்குக் கீழே ஒன்று. மாதம் ஒருமுறை, எடுத்து வைத்த படியிலிருந்து ஒரு கோப்பைத் திறந்து பாருங்கள். திறந்து பார்க்காத படியை நம்பாதீர்கள்.

செக்ரோலின் ஒவ்வொரு வரியும், பெரட்டில் பேர் கொடுத்து மழையில் கொழுந்து பறித்த ஒருவருடைய ஒரு நாள். சர்வரை மறுபடி வாங்கலாம். அந்த நாளை மறுபடி உழைத்துக் காட்டு என்று அவரிடம் யாரும் கேட்க முடியாது.