நாற்றத்துக்கு நறுமணம் மருந்தாகுமா?



சாரல் காலத்தில் குற்றாலத்துக்கு வந்தவர்கள் அருவியின் இரைச்சலை எளிதில் மறப்பதில்லை. தென்காசிப் பக்கம் குடியிருக்கும் எங்களுக்கு அந்தக் காலத்தின் வேறோர் அடையாளமும் தெரியும். கொடியில் போட்ட துண்டு மூன்றாம் நாளும் ஈரமாகவே இருக்கும். பீரோவைத் திறந்தால் பூஞ்சை வாடை முகத்தில் அடிக்கும். தீப்பெட்டியைக்கூட அடுப்பின் பக்கத்தில் வைத்தால்தான் குச்சி பற்றும்.

இப்படிப்பட்ட ஊரில் எங்கள் வீட்டுக்கு ஒரு கம்பள விரிப்பு வந்து சேர்ந்தது. வளைகுடா நாட்டில் வேலை பார்க்கும் என் மைத்துனர் ஆசையாகக் கொண்டுவந்தது. விரல் நீளத்துக்கு மயிர் தொங்கும் சடைக் கம்பளம். பிள்ளைகள் அதற்குக் 'கரடி' என்று பெயர் வைத்தார்கள். அருவியில் குளித்துவிட்டு வந்த ஈரக் கால்கள் அதன்மேல் ஏறின. ஒருநாள் ஒரு செம்புப் பால் கொட்டியது. இரண்டாவது சாரல் காலத்தில் கரடி நாறத் தொடங்கியது.

ஒரு சலவைக் கடையில் கொடுத்தோம். இரண்டே நாளில் பளபளக்கும் பிளாஸ்டிக் உறையில், மல்லிகை மணத்தோடு திரும்பி வந்தது. பத்து நாள் கழித்து மல்லிகையும் பழைய வாடையும் கலந்து, இரண்டிலும் சேராத மூன்றாவது நாற்றம் ஒன்று எழுந்தது. அது மட்டுமென்றால் பொறுத்திருப்போம். அதன்மேல் படுத்துப் படிக்கும் என் மகளுக்கு இரவில் தும்மலும் இளைப்பும் வந்தன. மருத்துவர் கேட்ட முதல் கேள்வியே, "வீட்டில் கம்பளம் இருக்கிறதா?" என்பதுதான்.

என் கருத்தை ஒளிவு மறைவில்லாமல் சொல்லிவிடுகிறேன். நாறும் விரிப்பின்மேல் மணம் தெளிப்பது சுத்தம் செய்வது ஆகாது. காசு வாங்கிக்கொண்டு அதைச் செய்வது தொழிலும் ஆகாது. ஆனால் குற்றம் கடைக்காரர் மேல் மட்டும் இல்லை. "நாளைக்கே வேண்டும், வாசனையாக வேண்டும்" என்று கேட்டவர்கள் நாம்தானே!

நாற்றம் எங்கிருந்து வருகிறது? அழுக்கு மட்டும் நாறுவதில்லை. அழுக்கும் ஈரமும் சேர்ந்த இடத்தில் பாக்டீரியாவும் பூஞ்சையும் பெருகுகின்றன. அவை வெளிவிடும், எளிதில் ஆவியாகும் பொருள்களே நம் மூக்கை எட்டுகின்றன. கொட்டிய பாலை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் கொழுப்பு சிதையும்போது பியூட்டிரிக் அமிலம் உண்டாகிறது. கெட்டுப்போன வெண்ணெயின் வாடை அதுதான். மல்லிகை மணம் இந்த அமிலத்தில் ஒரு மூலக்கூறைக்கூட அப்புறப்படுத்தாது. பாச்சை உருண்டையும் அப்படித்தான். அது பதங்கமாகிக் காற்றில் கலந்து, நாற்றத்தோடு தன் பங்கையும் சேர்க்கிறது. சமையல் சோடா ஓரளவு உதவும். அமிலம் அதனுடன் சேர்ந்து ஆவியாகாத உப்பாக மாறுகிறது. ஆனால் காரம் மிகுந்தால் கம்பளி இழை கெட்டுவிடும்.

இளைப்புக்குக் காரணமானவை பெரும்பாலும் தூசி உண்ணிகள். கண்ணுக்கு எளிதில் தெரியாத இவை நம் உடலிலிருந்து உதிரும் தோல் துணுக்குகளைத் தின்று வாழ்கின்றன. தண்ணீர் குடிப்பதில்லை. காற்றிலுள்ள ஈரத்தையே உடலில் ஈர்த்துக்கொள்கின்றன. ஒப்பு ஈரப்பதம் தொடர்ந்து 50 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் அவற்றால் நெடுநாள் பிழைக்க முடியாது. ஆகவே வாடையானாலும் இளைப்பானாலும் கேள்வி ஒன்றுதான்: விரிப்பு உண்மையில் காய்ந்ததா?

சடைக் கம்பளம் ஏன் இவ்வளவு அடம் பிடிக்கிறது? அதன் மயிர்களுக்கிடையே காற்று அசையாமல் சிறைப்பட்டுக் கிடக்கிறது. அசையாக் காற்று வெப்பத்தை எளிதில் கடத்தாது என்று படித்திருக்கிறீர்கள். அதனால்தான் கம்பளம் காலுக்கு இதமாக இருக்கிறது. ஆனால் அதே அசையாக் காற்று நீராவியையும் வெளியே போக விடுவதில்லை. அடியிலுள்ள முடிச்சுகளில் தங்கிய நீர் அங்கேயே கிடக்கிறது. நமக்குச் சுகம் தரும் குணம்தான் சலவைக்காரருக்குத் தலைவலி!

பிறகு ஒருவர் கிடைத்தார். விடுதிகளின் விரிப்புகளைச் சுத்தம் செய்தே வயதானவர். எங்கள் பக்கத்து வழக்கப்படி நான் அவரை அண்ணாச்சி என்று அழைத்தேன். எத்தனை நாள் ஆகும் என்று கேட்டேன். "சார், தண்ணி ஊத்துறது ஒரு மணி நேர வேலை. காய வைக்கிறதுதான் தொழிலு. கூலியும் அதுக்குத்தாம்லா" என்றார். இயற்பியல் வகுப்பில் நான் ஒரு பாடவேளை முழுவதும் சொல்லக்கூடியதை இரண்டு வாக்கியத்தில் முடித்துவிட்டார்.

அவர் முதலில் தண்ணீரைத் தொடவே இல்லை. கம்பளத்தைக் கவிழ்த்துப் போட்டு முதுகுப் பக்கம் தட்டினார். மணலும் தூசியும் தரையில் குவிந்தன. எங்கள் வீட்டுத் தொங்கு தராசில் கம்பளம் 9 கிலோ 100 கிராம் இருந்தது. தட்டிய பின் 8 கிலோ 600 கிராம்தான். அரைக் கிலோ மண்ணின்மேல் நாங்கள் நடமாடிக்கொண்டிருந்தோம்! அதை வெளியேற்றாமல் நனைத்திருந்தால் அத்தனையும் சேறாகி அடிமுடிச்சில் அப்பியிருக்கும்.

தூசியை முதலில் எடுப்பது என்னும் இந்த எண்ணத்துக்கு ஒரு வரலாறு உண்டு. 1901-ஆம் ஆண்டு லண்டனில் ஹ்யூபர்ட் செசில் பூத் என்ற பொறியாளர், தூசியைக் காற்றால் ஊதித் தள்ளும் ஒரு கருவியைப் பார்த்தார். ஊதுவதற்குப் பதில் உறிஞ்சினால் என்ன என்று அவருக்குத் தோன்றியது. நாற்காலி மெத்தைமேல் கைக்குட்டையை வைத்து வாயால் உறிஞ்சிப் பார்த்தார். இருமல் வந்தது, கைக்குட்டையில் கறுப்பாகத் தூசி ஒட்டியிருந்தது. அவர் செய்த உறிஞ்சு எந்திரம் குதிரை வண்டியில் தெருவுக்கு வரும். நீண்ட குழாய்களைச் சன்னல் வழியே வீட்டுக்குள் நீட்டுவார்கள். 1902-இல் ஏழாம் எட்வர்டு மன்னரின் முடிசூட்டு விழாவை முன்னிட்டு வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தின் கம்பளங்களைச் சுத்தம் செய்ததும் அந்த எந்திரமே. வீட்டுச் சாமான் ஆகுமுன் அது கூலிக்கு வந்து சுத்தம் செய்யும் தொழிலாகத்தான் பிறந்தது.

அண்ணாச்சியிடம் திரும்புவோம். குளிர்ந்த நீர், கொஞ்சம் சோப்பு, நிறைய அலசல். தேய்க்கவே இல்லை. கம்பளி இழையின்மேல் மீன் செதில்போன்ற அடுக்குகள் உண்டு. சூடான நீரில் தேய்த்தால் அவை ஒன்றையொன்று கவ்விச் சடை சிக்காகிவிடும். ஆற்றங்கரைக்கும் அவர் போகவில்லை. குற்றால அருவிகளின் நீரைச் சுமந்து தென்காசி வழியாக ஓடித் தாமிரபரணியில் கலக்கும் சிற்றாற்றில் விரிப்பைத் துவைப்பது, நம் அழுக்கைக் கீழே இருக்கும் ஊர்களுக்கு அனுப்பும் வேலை. அதை நான் திருட்டுக்குச் சமமாகவே கருதுகிறேன்.

அலசியபின் சுழல் எந்திரத்தில் போட்டு நீரை விரட்டினார். இது ஏன் அவசியம்? ஒரு லிட்டர் நீரை ஆவியாக்கச் சுமார் 2,400 கிலோஜூல் உள்ளுறை வெப்பம் வேண்டும். பத்து லிட்டருக்கு ஏறத்தாழ 7 யூனிட் மின்சாரத்துக்கு ஈடான ஆற்றல். நீரை நீராகவே சுழற்றி வெளியேற்ற அதில் மிகச் சிறு பங்கு போதும்.

சுழலுக்குப் பின்னும் தங்கும் நீரைக் காற்றுதான் சுமந்து செல்ல வேண்டும். ஒரு பேச்சுக்கு அது 5 லிட்டர் என்று கொள்வோம். 25 டிகிரி செல்சியசில் ஒரு கனமீட்டர் காற்று அதிகபட்சம் 23 கிராம் நீராவியைத் தாங்கும். சாரல் நாளில் ஒப்பு ஈரப்பதம் 90 சதவீதம் என்றால் மீதி இடம் 2.3 கிராம்தான். 5,000 கிராமை 2.3 ஆல் வகுத்துப் பாருங்கள். சுமார் 2,200 கனமீட்டர் காற்று கம்பளத்தைத் தொட்டுச் செல்ல வேண்டும். நான்கு மீட்டர் நீளமும் அகலமும் மூன்று மீட்டர் உயரமும் கொண்ட அறையின் காற்றை 45 முறைக்குமேல் மாற்றுவதற்குச் சமம். ஆவியாகும்போது காற்று குளிர்வதால் உண்மையில் இன்னும் அதிகமாகும். சன்னலைச் சாத்திவிட்டு மின்விசிறியை மட்டும் சுழலவிட்டால் என்ன பயன்?

இப்போது 35 டிகிரி வெப்பமும் 50 சதவீத ஈரப்பதமும் உள்ள இடத்தை எண்ணிப் பாருங்கள். அங்கே ஒரு கனமீட்டர் காற்றில் ஏறத்தாழ 20 கிராமுக்கு இடம் இருக்கும். 250 கனமீட்டர் போதும்! அப்படியோர் இடம் எங்களுக்குத் தொலைவில் இல்லை. மலை இடைவெளி வழியே வரும் தென்மேற்குக் காற்று குற்றாலத்திலும் தென்காசியிலும் தூறலைக் கொட்டிவிட்டுக் கிழக்கே போகப்போக உலர்ந்துவிடுகிறது. பாவூர்சத்திரம் தாண்டி ஆலங்குளம் பக்கம் போனால் வெயிலும் பலத்த காற்றும் இருக்கும். அங்கே காற்றாலைகள் நிற்பது சும்மாவா? அண்ணாச்சியும் கம்பளத்தைச் சுமை ஆட்டோவில் ஏற்றிக் கிழக்கேதான் கொண்டுபோனார். கொடியில் முதுகுப் பக்கம் காற்றைப் பார்க்கும்படி போட்டார். காரணம் உண்டு. விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல் நுண்புழை ஏற்றத்தால் நீர் காயும் பக்கத்துக்கு ஏறும். மிச்ச அழுக்கையும் கூடவே இழுத்து வரும். சடை நுனி முதலில் காய்ந்தால் கறை நுனியில் வந்து நிற்கும்.

மூன்றாம் நாள் நான் தொட்டுப் பார்த்துவிட்டு, "காய்ந்துவிட்டதே, எடுத்துப் போகலாமா?" என்றேன். அவர் சிரித்தார். கம்பளி தன் எடையில் மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை உறிஞ்சிக்கொண்டும் கைக்கு உலர்ந்ததுபோலவே இருக்கக்கூடியது. பாடம் நடத்துகிற எனக்கு அது அந்த நேரத்தில் நினைவுக்கு வரவில்லை! வீட்டிலிருந்து தொங்கு தராசைக் கொண்டுவந்து நிறுத்தோம். 9 கிலோ 400. நான்காம் நாள் 8 கிலோ 700. ஐந்தாம் நாள் மாலை 8 கிலோ 450. ஆறாம் நாளும் அதே 450. அன்றுதான் அவர் கம்பளத்தைச் சுருட்டினார். அதில் எந்த மணமும் இல்லை. கேட்ட கூலி சலவைக் கடையில் கொடுத்ததைப்போல் இரண்டு மடங்கு. பேரம் பேசாமல் கொடுத்தேன்.