படகை விற்று கம்ப்யூட்டர் படிப்பா? கொஞ்சம் நில்லுங்க!

"படகை வித்தாவது பையனை கம்ப்யூட்டர் என்ஜினீயர் ஆக்கிப்புடணும்!"

சுண்ணாம்புக்குளம் தொடங்கி பழவேற்காடு வரைக்கும், ஏரிக்கரைக் குப்பங்களில் பெற்றவர்கள் மனசில் ஓடும் கணக்கு இதுதான்.

ஆசைப்படுவதில் தப்பே இல்லை. முகத்துவாரம் மணல் மூடுகிறது. இறாலும் மடவையும் முன்னைப் போல் வலையில் விழுவதில்லை. ராக்கெட் விடுகிற நாளில் கடலுக்குப் போகக்கூடாது என்று தடை வேறு. அப்பன் பட்ட பாடு பிள்ளையும் படவேண்டுமா என்று எந்தத் தாய்தான் நினைக்க மாட்டாள்?

ஆனால் ஒன்று கேட்கிறோம். கம்ப்யூட்டர் வேலை இன்றைக்கு எப்படி இருக்கிறது என்று தெரிந்துகொண்டுதான் படகுக்கு விலை பேசுகிறீர்களா?

அன்று வேறு, இன்று வேறு!

2000-ம் ஆண்டு ஜூலையில், பிரதமர் வாஜ்பாய் தரமணியில் டைடல் பார்க்கைத் திறந்து வைத்தார். பிறகு பழைய மாமல்லபுரம் சாலையே மாறிப்போனது. டிகிரி முடித்து, நாலு வார்த்தை இங்கிலீஷ் பேசினால் வேலை என்று ஒரு காலம் இருந்தது. 2001-லும் 2008-லும் சறுக்கல் வந்தாலும் மறுபடி நிமிர்ந்தது.

கொரோனாவுக்குப் பிறகு, 2021-லும் 2022-லும் கம்பெனிகள் போட்டி போட்டுக்கொண்டு ஆள் எடுத்தன. "இனி எல்லாருக்கும் வேலை" என்று கல்லூரிகள் பேனர் கட்டின.

அடுத்து என்ன ஆச்சு?

2023 ஏப்ரல் முதல் 2024 மார்ச் வரை, ஒரே வருஷத்தில், டி.சி.எஸ்.சில் தலைக்கணக்கு 13 ஆயிரத்துக்கு மேல் குறைந்தது. இன்போசிசில் குறைந்தது சுமார் 26 ஆயிரம்! 2025 ஜூலையில் டி.சி.எஸ். இன்னும் சுமார் 12 ஆயிரம் பேரைக் குறைக்கப்போவதாக அறிவித்தது. அதில் அதிகம் அடிபட்டவர்கள் புதுப் பையன்கள் அல்ல. பல வருஷம் வேலை பார்த்த நடுத்தர, மேல்மட்ட ஆட்கள்.

இதற்காக ஐ.டி. தொழிலே மூழ்கிவிட்டது என்று யாரும் பயப்பட வேண்டாம். நாஸ்காம் கணக்குப்படி 2025-ல் இந்தத் தொழிலில் சுமார் 58 லட்சம் பேர் இருக்கிறார்கள். வெளிநாட்டுக் கம்பெனிகள் தங்கள் சொந்த அலுவலகங்களை சென்னையில் திறந்து ஆள் எடுக்கின்றன. கதவு மூடவில்லை. வாசல் குறுகிவிட்டது, அவ்வளவுதான்.

கடிதம் வந்தது, வேலை வரவில்லை!

இன்னொரு சங்கதி கேளுங்கள். 2022-ல் இன்போசிசில் தேர்வான பிள்ளைகளில் பலர், வேலைக் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு இரண்டு வருஷம் காத்திருந்தார்கள். 2024 அக்டோபரில்தான் மைசூரில் பயிற்சிக்குச் சேர்த்தார்கள். 2025 பிப்ரவரியில், உள்தேர்வில் தேறவில்லை என்று 300 பேருக்கு மேல் வெளியே அனுப்பப்பட்டார்கள்.

இரண்டு வருஷம் வீட்டில் சும்மா உட்கார்ந்திருக்க வசதியுள்ள வீட்டுப் பிள்ளையால் முடியும். நகையை அடகு வைத்துப் படிக்க வைத்த வீட்டில் வட்டி காத்திருக்குமா?

நம்ம ஏரியில் 'பாடு' என்று ஒரு முறை உண்டு. எந்த இடத்தில், எந்த நாளில், யார் வலை போடுவது என்று முறை வைத்துப் பிரித்துக்கொள்வது. அதில் எங்களுக்குப் பங்கு இல்லை என்று மனக்குறைப்படும் ஊர்களும் உண்டு. ஆனாலும் முறை உள்ளவனுக்கு, இன்றைக்கு இல்லாவிட்டாலும் நாளைக்கு ஒரு நாள் வரும்.

கம்ப்யூட்டர் கம்பெனியில் பாடு கிடையாது. அமெரிக்காவில் ஒரு வாடிக்கையாளர் செலவைக் குறைத்தால், இங்கே சோழிங்கநல்லூரில் ஒரு நாற்காலி காலியாகும். முறை கேட்க பஞ்சாயத்தும் இல்லை.

செயற்கை அறிவு செய்த வேலை

2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்தது. புதுசாகச் சேரும் பையன்களுக்கு முதலில் கொடுக்கிற சின்னச்சின்ன வேலை இருக்கிறதே, எழுதிய புரோகிராமைச் சரிபார்ப்பது, ஒரே மாதிரி கோடு எழுதுவது, அதையெல்லாம் இப்போது மெஷினே பாதி செய்துவிடுகிறது.

எனவே கம்பெனிக்காரன் கேட்கும் கேள்வி மாறிவிட்டது. "என்ன படிச்சே?" என்பது போய், "என்ன செஞ்சே, காட்டு!" என்கிறான்.

சம்பளத்திலும் இது தெரிகிறது. பெரிய கம்பெனிகளில் புதியவர்களுக்கு வருஷத்துக்கு சுமார் மூன்றரை லட்சம் ரூபாய் என்பது பத்து வருஷத்துக்கும் மேலாக அதிகம் நகரவில்லை. அதே கம்பெனிகளில், கடினமான தேர்வில் நன்றாகப் புரோகிராம் எழுதிக் காட்டுகிற பையனுக்கு அதைப்போல் இரண்டு மடங்கு! பிடித்தம் போக, மூன்றரை லட்சக்காரன் கையில் மாதம் வருவது எவ்வளவு? அதில் சென்னை வாடகை, சாப்பாடு, படகு விற்ற கடன் எல்லாம் அடங்குமா? கூட்டிக் கழித்துப் பாருங்கள்.

பணம் கட்டாமலே வழி இருக்கு!

நம் வருத்தமெல்லாம் இதுதான். சர்க்கார் கொடுக்கிற வழியை விட்டுவிட்டு, தரகர் காட்டுகிற வழியில் போகிறார்கள் ஜனங்கள்.

6-ம் வகுப்பு முதல் 12-ம் வகுப்பு வரை தமிழ்நாட்டு அரசுப் பள்ளியில் படித்த பிள்ளைக்கு, 2021 முதல் என்ஜினீயரிங் படிப்பில் 7.5 சதவீத தனி ஒதுக்கீடு இருக்கிறது. அதில் இடம் கிடைத்தால் படிப்புக் கட்டணம், விடுதிக் கட்டணம், கவுன்சிலிங் கட்டணம் மூன்றையும் அரசே கட்டுகிறது. ஆந்திர எல்லையை ஒட்டிய ஊர்க்காரர்கள் இதைக் கவனிக்க வேண்டும். பிள்ளையை எந்தப் பக்கத்துப் பள்ளியில் சேர்க்கிறோம் என்பதே பின்னால் லட்ச ரூபாய் விஷயமாகிவிடும்.

வீட்டில் முதல் பட்டதாரி என்றால் கட்டணச் சலுகை உண்டு. ஆனால் கவுன்சிலிங் வழியாகச் சேர்ந்தால்தான். "மேனேஜ்மெண்ட் சீட் வாங்கித் தர்றேன்" என்று வருகிற ஆளிடம் பணம் கொடுத்தால் அந்தச் சலுகையும் போச்சு!

அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போகும் பெண்களுக்கு 2022 முதலும், பையன்களுக்கு 2024 முதலும் மாதம் ஆயிரம் ரூபாய் கொடுக்கும் திட்டங்கள் வந்தன. பஸ், ரயில் சீசன் டிக்கெட்டுக்காவது ஆகும். இதையெல்லாம் பள்ளித் தலைமையாசிரியரிடமே கேட்கலாம். கமிஷன் கிடையாது.

ஏமாறாதீங்க!

பெயர் பெற்ற எந்தக் கம்பெனியும் வேலை கொடுக்கப் பணம் கேட்பதில்லை. டெபாசிட், பயிற்சிக் கட்டணம், லேப்டாப்புக்கு முன்பணம் என்று எவன் கேட்டாலும் திரும்பிப் பார்க்காமல் வந்துவிடுங்கள். அசல் சர்டிபிகேட்டை யார் கையிலும் விட்டுவிட்டு வராதீர்கள்.

"ரெண்டு வருஷ அனுபவம் இருக்கிற மாதிரி பேப்பர் போட்டுத் தர்றேன்" என்று விற்கிறவர்களும் உண்டு. கம்பெனிகள் பி.எப். கணக்கைத் தட்டிப் பார்க்கின்றன. பொய் ஒரு நிமிஷத்தில் தெரியும். வேலையோடு பேரும் போகும்.

அதைவிட ஆபத்து வெளிநாட்டு ஆசை. தாய்லாந்தில் கம்ப்யூட்டர் வேலை என்று சொல்லி அழைத்துப்போய், மியான்மரில் அடைத்து வைத்து, ஆன்லைன் மோசடி செய்ய அடித்து மிரட்டினார்கள். 2022 செப்டம்பரில் மத்திய வெளியுறவு அமைச்சகமே எச்சரிக்கை விட்டது. அந்த அக்டோபரில் 13 தமிழ் இளைஞர்கள் மீட்கப்பட்டு சென்னை வந்து சேர்ந்தார்கள். டூரிஸ்ட் விசாவில் வேலைக்குக் கூப்பிடுகிறவன் தரகன் அல்ல, ஆள் பிடிப்பவன்! வெளிநாட்டு வேலை விசாரிக்க 1978 முதல் தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் இருக்கிறது. முதலில் அங்கே கேளுங்கள்.

ஒரே வாசல்தானா?

படிக்கிற பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. தம்பி, தங்கச்சி! கல்லூரி பேரைப் பார்த்து யாரும் வேலை தரப்போவதில்லை என்று வைத்துக்கொள். ஒரு மொழியை ஒழுங்காகக் கற்றுக்கொள். கணக்கை விடாதே. உன் கையால் ஒரு சின்ன புரோகிராமாவது செய்து காட்டு. இங்கிலீஷில் தப்பாகவாவது பேசிப் பழகு. 2022-ல் தொடங்கிய 'நான் முதல்வன்' திட்டத்தில் பயிற்சி இலவசம். காசு கொடுத்துத் தெருவோர சென்டரில் சேரும் முன் அதைப் பார்.

கம்ப்யூட்டர் என்றால் கண்ணாடிக் கட்டிடம் மட்டும்தான் என்றும் எண்ணாதே. கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்சாலையிலும், தடா பக்கம் ஸ்ரீசிட்டியிலும் மெஷினை ஓட்டுவதே கம்ப்யூட்டர்தான். அதே ஸ்ரீசிட்டியில் 2013 முதல் மத்திய அரசின் பங்கோடு ஐ.ஐ.ஐ.டி. கல்லூரியே நடக்கிறது. பக்கத்தில் இருக்கிற அதற்கு என்ன தேர்வு என்று எத்தனை பிள்ளைகளுக்குத் தெரியும்?

பொன்னேரியில் மீன்வளக் கல்லூரி இருக்கிறது. கடலில் எங்கே மீன் கூடும் என்று செயற்கைக்கோள் படத்தை வைத்து மீனவருக்குச் சொல்வது ஐதராபாத்தில் உள்ள ஒரு மத்திய அரசு நிறுவனம். அதுவும் கம்ப்யூட்டர் வேலைதானே! நீரோட்டமும் காற்றும் தெரிந்த வீட்டுப் பிள்ளை கம்ப்யூட்டரும் படித்தால், அவனுக்கு யார் நிகர்?

சர்க்காருக்கும் ஒரு கோரிக்கை. சுண்ணாம்புக்குளத்துப் பிள்ளை தரமணியில் ஒரு இன்டர்வியூவுக்குப் போக வேண்டுமானால், பஸ் பிடித்து, கும்மிடிப்பூண்டியில் மின்சார ரயில் ஏறி, சென்ட்ரலில் இறங்கி, பறக்கும் ரயிலுக்கு ஓட வேண்டும். ஒரு பஸ் தவறினால் ஒரு வேலை தவறும். வேலைவாய்ப்பு முகாமை வருஷத்துக்கு இரண்டு தடவையாவது கும்மிடிப்பூண்டியில் நடத்தினால் என்ன குறைந்துவிடும்?

பெற்றவர்களே, பிள்ளையைக் கட்டாயம் படிக்க வையுங்கள். கம்ப்யூட்டரே படிக்கட்டும். ஆனால் அவனுக்கு வேலை வரும்வரை வீட்டில் அடுப்பு எரிய வேண்டும்.

படகை மட்டும் விற்காதீர்கள்!