பெட்டிக்குள் வரும் இன்னொரு வீடு

அமெரிக்காவின் சின்சினாட்டி நகரில் வசந்தம் பிறந்தால், பிள்ளைகளை வீட்டிலேயே படிக்க வைப்பவர்களுக்கான வீட்டுக்கல்விக் கண்காட்சியும் வந்துவிடும். சக்கரம் வைத்த பெட்டிகளை இழுத்துக்கொண்டு பெற்றோர் அரங்குக்குள் நுழைவார்கள். லத்தீன் இலக்கணம், மரக்கட்டைக் கணிதம், பழங்கால எகிப்தின் வரைபடம் என்று கடை கடையாக விரிந்திருக்கும். மூன்றாம் வகுப்புக் கணக்குப் புத்தகம் ஒன்று போதும் என்று காலையில் வந்த அம்மா, சாயங்காலம் இரண்டு வருடத்துக்கான வரலாற்றுத் தொகுப்பையும் தவளை அறுக்கும் கருவிப் பெட்டியையும் காரில் ஏற்றுவார். வீடு போய்ச் சேர்ந்த பிறகுதான் உறைக்கும், பையனுக்குத் தவளை என்றாலே பயம் என்று.

சிரிப்பாக இருக்கலாம். ஆனால் இப்படி வாங்கப்படும் பெட்டிகள் கொஞ்சநஞ்சமல்ல. அமெரிக்காவின் 50 மாநிலங்களிலும் வீட்டுக்கல்விக்குச் 1993-க்குள் சட்ட அனுமதி கிடைத்துவிட்டது. 1999-இல் சுமார் எட்டரை லட்சம் பிள்ளைகள் வீட்டில் படித்தார்கள்; 2016-இல் ஏறத்தாழ 17 லட்சம். கொரோனா ஆண்டில் மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் துறை கேட்டபோது, பள்ளி வயதுப் பிள்ளைகள் உள்ள வீடுகளில் 5.4 சதவீதமாக இருந்த வீட்டுக்கல்வி ஒரே அரையாண்டில் 11.1 சதவீதமானது. அரிசோனாவில் 2022-க்குப் பிறகு, பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே படிக்க வைப்பவர்களும் விண்ணப்பித்தால் ஆண்டுக்கு ஏறத்தாழ 7,000 டாலரை அரசே கல்விக் கணக்கில் போடுகிறது. சொந்தப் பணம் என்றால் இருமுறை யோசிக்கும் கை, அரசுப் பணம் என்றால் கொஞ்சம் தாராளமாகத்தான் நீளும்.

விற்கப்படும் பாடத் தொகுப்புகள் எல்லாம் குப்பை என்றால் தப்பிப்பது சுலபம். பெரும்பாலானவை நன்றாகவே இருக்கின்றன. சில மிக நன்றாக இருக்கின்றன. ஆனால் ஒவ்வொன்றும் யாரோ ஒருவருடைய வீட்டுக்காக, யாரோ ஒருவருடைய மாணவர்களுக்காக உருவானது. அந்த வீட்டின் நேரம், ஆள்பலம், நம்பிக்கை எல்லாம் புத்தகத்தோடு சேர்ந்தே பெட்டிக்குள் வருகின்றன. விலைப்பட்டியலில் மட்டும் அவை இருப்பதில்லை.

பால்டிமோர் நகரின் கால்வர்ட் பள்ளியிலிருந்து தொடங்கலாம். 1897-இல் ஆரம்பித்த அந்தப் பள்ளி, தலைமையாசிரியர் வெர்ஜில் ஹில்யர் காலத்தில், 1906-இல், பாடங்களைத் தபாலில் அனுப்பத் தொடங்கியது. பின்னாளில் தூதரக அதிகாரிகளின் பிள்ளைகளுக்கும் மிஷனரிகளின் பிள்ளைகளுக்கும் அந்தப் பெட்டி கடல் கடந்து போனது. புத்தகம், தாள், பென்சில் எல்லாம் உள்ளேயே இருக்கும். பக்கத்தில் பள்ளி இல்லாத குடும்பத்துக்கு அது பெரிய வரம். காலை முழுக்கப் பிள்ளையோடு உட்கார வீட்டில் ஒரு பெரியவர் இருப்பார் என்பது மட்டும் அந்தப் பெட்டி சொல்லாமலே வைத்த நிபந்தனை.

சோன்லைட் என்ற தொகுப்பும் அப்படித்தான். 1990-இல், வெளிநாடுகளில் இருந்த மிஷனரிக் குடும்பங்களை மனதில் வைத்துத் தொடங்கப்பட்டது. பாடநூலுக்குப் பதிலாகக் கதைப் புத்தகங்கள், அடுக்கடுக்காக. எந்த நாளில் எந்தப் பக்கம் என்று கட்டம் போட்ட கையேடு. பெற்றோர் உரக்க வாசித்துக் காட்ட வேண்டும். ஆங்கில நூலகம் எட்டாத ஊரில் அது அருமையான ஏற்பாடு. நூலகம் ஐந்து நிமிடத் தூரத்தில் இருக்கும் டாலஸ் புறநகர் வீட்டில், இடுப்பில் ஒரு கைக்குழந்தையும் எதிரே வெவ்வேறு வகுப்பில் இரண்டு பிள்ளைகளுமாக உட்காரும் அம்மாவுக்கு, புதன்கிழமைக்குள் தொண்டை கட்டிக்கொள்கிறது. கையேட்டின் கட்டங்கள் டிக் அடிக்கப்படாமல் காத்திருக்கின்றன. வெள்ளிக்கிழமை அவர் புத்தகத்தைக் குறை சொல்வதில்லை, தன்னைத்தான் குறை சொல்லிக்கொள்கிறார்.

நம்பிக்கை விஷயமும் உண்டு. அமெரிக்க வீட்டுக்கல்விச் சந்தையில் பெயர்பெற்ற தொகுப்புகளில் பல கிறிஸ்தவப் பின்புலம் கொண்டவை. ஃபுளோரிடாவின் பென்சகோலாவிலிருந்து வரும் அபெகா, எழுத்தொலிப் பயிற்சிக்குப் பேர் போனது; அதன் அறிவியல் புத்தகமோ உலகம் ஆறு நாளில் படைக்கப்பட்டது என்ற நம்பிக்கையில் நின்று பேசும். அந்த நம்பிக்கையுள்ள வீட்டுக்கு அது பொருத்தம். வாசிப்பு நன்றாக வரும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு முழு ஆண்டுத் தொகுப்பையும் வாங்கும் மற்றக் குடும்பங்கள், அதில் தமிழ்க் குடும்பங்களும் இருக்கலாம், அக்டோபரில் அறிவியல் புத்தகத்தைத் திறந்து முழிக்கின்றன. எழுதியவர்கள் எதையும் ஒளித்து வைக்கவில்லை. வாங்கியவர்கள்தான் அட்டையோடு நின்றுவிட்டார்கள்.

கண்ணுக்கு அழகாக இருப்பவைதான் அதிகம் இழுக்கும். சார்லட் மேசன் என்ற ஆங்கிலேயக் கல்வியாளர் (1842–1923) இங்கிலாந்தின் ஏரி மாவட்டத்தில், ஆம்பிள்சைடில் வாழ்ந்தவர். அவர் முறை இது: சின்னஞ்சிறு பாடங்கள், நல்ல புத்தகங்கள், படித்ததைப் பிள்ளை தன் வார்த்தையில் திருப்பிச் சொல்வது, மற்ற நேரம் எல்லாம் வெளியில். ஓரளவு நல்ல வானிலை உள்ள நாளில் சிறுபிள்ளைகள் நான்கு முதல் ஆறு மணி நேரம் திறந்த வெளியில் இருக்க வேண்டும் என்பது அவர் கணக்கு. தாதியும் வீட்டு ஆசிரியையும் இருந்த விக்டோரியா காலத்து வீடுகளுக்கான கணக்கு அது. இன்று அதே முறை, புல்வெளி, கூடை, வாட்டர்கலர் படம் என்று புகைப்படங்களில் வலம் வருகிறது. ஜூலையில் 40 டிகிரியைத் தாண்டும் பீனிக்ஸ் நகரத்தில், இருவரும் வேலைக்குப் போகும் வீட்டில் அதைப் பார்த்து ஏங்காதவர் குறைவு. ஜவுளிக்கடை பொம்மைக்குக் கட்டிய புடவை மடிப்பே கலையாது. பொம்மை அடுப்படிக்குப் போவதில்லையே.

மாண்டிசோரி கதை நமக்கு நெருக்கமானது. மரியா மாண்டிசோரி 1939-இல் அடையாறு பிரம்மஞான சபைக்கு வந்தார். இரண்டாம் உலகப் போரில் இத்தாலி எதிரி நாடானதால் திரும்ப முடியாமல் இங்கேயே தங்க நேர்ந்தது. அதில் சில காலம் கொடைக்கானலில். அவருடைய முறை பிறந்தது 1907-இல், ரோம் நகரின் சான் லொரென்சோ குடியிருப்பில், வேலைக்குப் போன ஏழைப் பெற்றோரின் பிள்ளைகள் கூடிய அறையில். பெரியது சின்னதுக்குச் செய்து காட்டும், சின்னது பெரியதைப் பார்த்துக் கற்கும்; ஒரு கூட்டமே அங்கே ஆசிரியர். ஒற்றைப் பிள்ளை உள்ள அடுக்குமாடி வீட்டில் தங்கநிற மணிச்சரம், மணற்தாள் எழுத்து முதலிய அவருடைய கருவிகள் எல்லாம் காசு கொட்டி வாங்கி அலமாரியில் அடுக்கலாம். அந்தக் கூட்டத்தை எங்கே வாங்குவது?

கணக்கு விஷயத்தில்தான் அடுத்தவர் தொகுப்பை வாங்கும் ஆசையின் விலை அதிகம். இதைக் கொஞ்சம் நின்று பார்க்கவேண்டும். மேத்-யூ-சீ என்ற தொகுப்பு, ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு நிறத்தில் கட்டை கொடுத்து, ஒரு புத்தகத்துக்கு ஒரு பொருள் என்று போகும். ஆல்ஃபா என்ற புத்தகத்தில் ஒற்றை இலக்கக் கூட்டல், கழித்தல். பீட்டாவில் பெரிய எண்களுக்கு அதே. காமா முழுக்கப் பெருக்கல், டெல்டா வகுத்தல், பின்னம் எப்சிலானில்தான். சிங்கப்பூர் கணிதமோ முதல் வகுப்பின் பிற்பாதியிலேயே பெருக்கல், வகுத்தல், அரை, கால் எல்லாவற்றையும் தொட்டுக் காட்டிவிட்டு, ஒவ்வொரு வருடமும் திரும்பி வந்து ஆழப்படுத்தும். இரண்டும் சரியான வழிகள்தான். பீட்டாவை முடித்த பிள்ளையைத் திடீரென்று சிங்கப்பூர் மூன்றாம் வகுப்பில் உட்கார வைத்தால், படிக்காத பெருக்கலும் வகுத்தலும் எதிரே வந்து நிற்கும். பிள்ளை விழிக்கும். கணக்கு வரவில்லை என்று அம்மா முடிவு கட்டுவார். அடுத்த தொகுப்பைத் தேடுவார். பிள்ளைக்கு வராமல் போனது கணக்கு அல்ல, இரண்டு புத்தகங்களின் வரிசை.

சாக்சன் கணிதம் இன்னொரு மாதிரி. ஜான் சாக்சன், ஓய்வுபெற்ற விமானப்படை அதிகாரி. ஓக்லஹோமாவில் கல்லூரி மாணவர்களுக்கு இயற்கணிதம் நடத்தியபோது, நேற்றுச் சொன்னது இன்று மறந்துபோவதைப் பார்த்துத் தானே புத்தகம் எழுதினார். பாடத்தில் புதிதாகக் கொஞ்சம், பிறகு பழையதும் புதியதுமாகக் கலந்து 30 கணக்குகள், தினமும். மறக்கிற பிள்ளைக்கு மருந்து. ஒருமுறை சொன்னால் பிடித்துக்கொள்ளும் பிள்ளைக்கு 30 கணக்கு தண்டனை.

வாங்கும் ஆசை எப்போது வருகிறது என்பதையும் பார்க்கலாம். அமெரிக்க வீட்டுக்கல்விக் குடும்பங்களில் பிப்ரவரி பேர்போன சோர்வு மாதம். வெளியே குளிர், உள்ளே அதே மேசை, அதே பின்னக் கணக்கு. அந்த நேரம் பார்த்துப் புது விலைப்பட்டியல் வரும். வாங்கிய அன்று மனசு லேசாகிவிடும். புத்தகம் வாங்கியதையே பாடம் நடத்தியதாக எழுதிக்கொள்ளும் கணக்கு அது. மே, ஜூனில் தேவாலயக் கூடங்களில் நடக்கும் பழைய புத்தக விற்பனைக்குப் போனால் அந்தக் கணக்கின் மிச்சத்தைப் பார்க்கலாம். முதல் இருபது பக்கம் பென்சில் எழுத்து, மீதி வெள்ளை. பிளாஸ்டிக் உறை பிரிக்காத ஆசிரியர் கையேடு.

தொகுப்பை மாற்றவே கூடாது என்று யாரும் சொல்லவில்லை. எட்டு வயதிலும் எழுத்துகள் பிடிபடாமல் தவிக்கும் டிஸ்லெக்சியா பிள்ளைக்கு, ஆர்ட்டன்–கில்லிங்ஹாம் என்ற பயிற்சி முறையில் எழுதப்பட்ட வாசிப்புத் தொகுப்பு தேவை; அதை வாங்குவது சபலமல்ல, சிகிச்சை. தினமும் மேசையில் அழுகை என்றாலும் புத்தகத்தைச் சந்தேகப்படலாம். பிள்ளைக்கு எங்கே இடிக்கிறது என்று தெரிந்து வாங்குவது ஒன்று. பக்கத்து வீட்டில் நன்றாகப் போகிறது என்று வாங்குவது வேறு. இரண்டாவதைத்தான் இங்கே குறை சொல்வது.

சட்டமும் இவ்வளவு கேட்கவில்லை. டெக்சாஸ் மாநிலம் கேட்பது ஐந்தே பாடங்கள்: வாசிப்பு, எழுத்துக்கூட்டல், இலக்கணம், கணக்கு, நல்ல குடிமைப் பண்பு. எந்த நிறுவனத்தின் பெட்டி என்று அது கேட்பதில்லை. தொகுப்புகளை வருடக்கணக்கில் மதிப்பிட்டு எழுதிவரும் கேத்தி டஃபிகூட, முதலில் பெற்றோர் தங்கள் போக்கையும் பிள்ளையின் போக்கையும் எழுதிப் பார்க்கட்டும் என்றுதான் தொடங்குகிறார். புத்தகப் பட்டியல் அதற்குப் பிறகுதான்.

அடுத்த வசந்தத்தில் சின்சினாட்டிக்கோ வேறு எந்தக் கண்காட்சிக்கோ போகிறவர்கள், காலிப் பெட்டியோடு போக வேண்டாம். வீட்டில் பாதியில் நிற்கும் கணக்குப் புத்தகத்தையும், பிள்ளை கடைசியாக எழுதிய பக்கத்தையும் கையோடு எடுத்துப் போங்கள். கடைக்காரர் புதுப் புத்தகத்தை விரிக்கும்போது, அந்தப் பக்கத்தைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.